நிலவியல் படித்து வேலைக்குப் போவதும், அதை நாலு பேருக்குப் புரியும்படி சொல்வதும்

நிலவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். கல், மண், மலை, நிலநடுக்கம் பற்றியெல்லாம் பொதுமக்களிடம் பேச ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதலாம்தான், ஆனால் இரண்டுக்கும் வேண்டிய திறமை கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். யாராலும் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றிச் சொல்லித்தான் நிலவியலாளர் சம்பளம் வாங்குகிறார். தரைக்குக் கீழே நூறு மீட்டரில் என்ன இருக்கிறது என்பதை, அங்கங்கே போட்ட நாலைந்து துளைகளையும் வெளியே தலைகாட்டும் சில பாறைகளையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதை நம்பி ஒருவர் அணை கட்டுவார், ஒருவர் கோடிக்கணக்கில் பணம் போட்டுச் சுரங்கம் திறப்பார், ஒரு ஊர் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யும். அவர்களில் யாருக்கும் பாறை தெரியாது. ஆகவே எடுத்துச் சொல்லத் தெரியாத நிலவியலாளருடைய அறிவு அலமாரியில்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப ஒரு பழக்கம் வரும், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்தது எது, அதை வைத்து ஊகித்தது எது என்று இரண்டையும் எப்போதும் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள். களக் குறிப்பேட்டிலும் அப்படித்தான், அறிக்கையிலும் அப்படித்தான், மைக்கைப் பிடித்துப் பேசும்போதும் அப்படித்தான்.

என்னென்ன வேலை இருக்கிறது

நிலவியலாளர் என்றதும் எரிமலை வாயில் நிற்பவரும், டைனோசர் எலும்பைத் தூரிகையால் துடைப்பவரும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். அந்த வேலைகள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. பெரும்பாலும் முனைவர் பட்டம் முடித்து, அதற்குப் பிறகும் சில வருடம் தற்காலிக ஆய்வுப் பணிகளில் ஓடி, ஒரு பல்கலைக்கழகத்திலோ அருங்காட்சியகத்திலோ இடம் பிடித்தவர்களுக்கே அவை கிடைக்கின்றன. ஆசை இருந்தால் போங்கள், தடுக்கவில்லை. கூடவே மற்ற வேலைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கனிமத் தேடலிலும் எண்ணெய், எரிவாயுத் துறையிலும் சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் ஊர் உலகம் இல்லாத இடத்தில் வாரக்கணக்கில் கூடாரத்தில் தங்க வேண்டிவரும், உலோக விலை சரிந்தால் நிறுவனங்கள் முதலில் வெட்டுவது தேடல் செலவைத்தான். ஏறும்போது எல்லோருக்கும் வேலை, இறங்கும்போது நேற்றுவரை குழுத் தலைவராக இருந்தவருக்கும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் நல்ல வருடங்களில் சேமித்து வைக்கிறார்கள்.

நிலத்தடி நீரும் பொறியியல் நிலவியலும் இந்த அளவுக்கு ஆடாது. தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும், சாலை, சுரங்கப்பாதை, அணை எல்லாம் எப்போதும் எங்கோ கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்ய முடியாதவர்கள் இந்த இரண்டில் ஒன்றில் தொடங்குவது நல்லது. பொறியியல் நிலவியல் எவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால் இத்தாலியின் வயோன்ட் அணையைச் சொல்லுங்கள். 1963 அக்டோபர் 9 இரவு, நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இருந்த மலைச்சரிவு சுமார் 26 கோடி கனமீட்டர் பாறையோடு தண்ணீருக்குள் சரிந்தது. எழும்பிய அலை அணைக்கு மேலாகத் தாண்டிப் போய்க் கீழே இருந்த ஊர்களை அடித்துக்கொண்டு போனது, ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். அணை உடையவில்லை, இன்றும் நிற்கிறது. கட்டுமானம் சரியாக இருந்து, பக்கத்து மலையைப் புரிந்துகொண்டதில் கோட்டைவிட்டார்கள்.

அப்புறம் சுற்றுச்சூழல் ஆலோசனை வேலைகள்: பெட்ரோல் கசிந்த நிலம், குப்பைக் கிடங்கு, மூடிய தொழிற்சாலை, இவற்றின் கீழே மாசு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பளபளப்பான வேலை இல்லை, ஆனால் ஆள் தேவை குறையாது. அரசு நிலவியல் ஆய்வு நிறுவனங்களில் வரைபடம் தயாரிப்பதும் நிலச்சரிவு, நிலநடுக்க ஆபத்தைக் கணிப்பதும். கணினி முன்னால் உட்கார விருப்பம் உள்ளவர்களுக்குப் புவி இயற்பியல் தரவு, செயற்கைக்கோள் படங்கள், முப்பரிமாண மாதிரிகள். புவிவெப்ப ஆற்றல், கரியமில வாயுவைப் பாறைக்குள் செலுத்திப் பூட்டி வைப்பது என்று புதிய பக்கங்களும் திறந்திருக்கின்றன. வாயுவைப் பிடித்து வைக்க நுண்துளை நிறைந்த பாறை வேண்டும், அதன் மேலே கசிய விடாத மூடு பாறை வேண்டும் என்பது எண்ணெய்த் துறைக்காரர்கள் காலங்காலமாகத் தேடிவரும் அதே அமைப்புதான், அதனால் அங்கே கற்றது இங்கே வீணாவதில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் ஒன்றிரண்டு வருடம் பெரும்பாலானவர்களுக்குத் துளை இயந்திரத்தின் பக்கத்திலோ, கோர் கொட்டகையிலோதான் கழியும். துளைத்து எடுத்த பாறைத் தண்டுகளை (இவற்றைத்தான் கோர் என்பார்கள்) தட்டில் வரிசையாக அடுக்கி, கழுவி, புகைப்படம் எடுத்து, சென்டிமீட்டர் கணக்கில் விவரம் எழுதுவது. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கண் பழகுவது அங்கேதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். பாறையின் தரத்தை அளக்க ஆர்கியூடி என்று ஒரு அளவு இருக்கிறது, 1960-களில் வந்தது. ஒரு தடவை எடுத்த தண்டில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமான துண்டுகளை மட்டும் கூட்டி, மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 150 சென்டிமீட்டர் துளைத்ததில் நீளத் துண்டுகள் எல்லாம் சேர்ந்து 90 சென்டிமீட்டர் வந்தால் 60 சதவீதம். இதில் சிக்கல் எங்கே என்றால், துண்டு இயற்கையாகவே உடைந்திருந்ததா, துளைக்கும்போதோ தட்டில் வைக்கும்போதோ உடைந்ததா என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், இயந்திரம் உடைத்ததை உடைசலாக எண்ணக்கூடாது. புதிய உடைசலின் முகம் பளிச்சென்று கரடுமுரடாக இருக்கும், பழைய வெடிப்பில் துரு நிறமோ களிமண்ணோ கனிமப் பூச்சோ ஒட்டியிருக்கும். சுரங்கப்பாதைக்கு எவ்வளவு இரும்பும் கான்கிரீட்டும் தேவை என்பது இந்தச் சின்னத் தீர்ப்புகளின் மேல்தான் நிற்கிறது.

படிக்கும்போதே செய்ய வேண்டியவை

குறிப்பேடு எழுதப் பழகுங்கள். தண்ணீர் பட்டாலும் கிழியாத கெட்டி அட்டை நோட்டு, பென்சில், பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பார்த்தது: நிறம், மணி அளவு, அடுக்கின் தடிமன், எந்தத் திசையில் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது. வலது பக்கம் நினைத்தது: ஆற்று மணலாக இருக்கலாம், மேலே இருக்கும் அடுக்கு பிற்பாடு மடிந்திருக்கலாம். பத்து வருடம் கழித்து உங்கள் ஊகம் தப்பாகிப் போனாலும் இடது பக்கம் அப்படியே செல்லுபடியாகும், வேறொருவர் அதை எடுத்துப் பயன்படுத்தலாம்.

புகைப்படம் எடுப்பது வரைவதற்கு ஈடாகாது. கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துவிடும், நீங்கள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். வரைய உட்கார்ந்தால் இந்த அடுக்கு அந்த அடுக்கை வெட்டுகிறதா, அதன் மேல் படிந்திருக்கிறதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். ஓவியத் திறமை தேவையில்லை. கோடு நேராக வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு அளவுகோலும் வடக்கு எந்தப் பக்கம் என்பதும் மட்டும் இருக்கட்டும். புகைப்படமும் எடுங்கள், ஆனால் சுத்தியலோ பேனாவோ பக்கத்தில் வைத்து எடுங்கள். அளவு தெரியாத பாறைப் படத்தால் யாருக்கும் பயனில்லை.

கருவிகளுக்கு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று நல்லதாக வாங்குங்கள், மலிவானதில் பார்த்தால் கண் சோர்ந்துவிடும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சாய்வளக்கும் வசதியுள்ள திசைகாட்டி, சுண்ணாம்புப் பாறையா என்று பார்க்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுக் குப்பி (சுண்ணாம்புப் பாறையின் கனிமமான கால்சைட் என்றால் உடனே நுரைக்கும், அதைப் போன்ற டாலமைட் பொடியாக்கினால்தான் நுரைக்கும்), நிலவியலாளர் சுத்தியல். சுத்தியலோடு கண் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கவே கூடாது, எஃகுச் சில்லு தெறித்துக் கண் போய்விடும். வண்டலா களிமண்ணா என்று தெரியாவிட்டால் ஒரு துணுக்கை முன்பல்லில் கடித்துப் பார்ப்பார்கள், நறநறவென்றால் வண்டல், வழவழவென்றால் களிமண். மாசுபட்ட நிலத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

கணினிப் பக்கம் வந்தால், வரைபடம் தயாரிக்கும் மென்பொருளான கியூஜிஐஎஸ் இலவசம், அதைக் கற்றுக்கொள்ளாமல் இன்று யாரும் வேலைக்குப் போக முடியாது என்றே சொல்வேன். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் யாருக்கும் இலவசம், இன்னொரு செயற்கைக்கோளான சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுட்பத்தில் கிடைக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு நடந்து போகக்கூடிய ஒரு சின்னப் பகுதிக்கு நீங்களே ஒரு நிலவியல் வரைபடம் தயாரியுங்கள். அதாவது திரையில் பார்த்துக் கோடு வரைந்து, பிறகு காலால் நடந்து போய் அந்தக் கோடு சரியா என்று பார்த்து, எங்கே பாறையைத் தொட்டுப் பார்த்தீர்களோ அங்கே முழுக் கோடு, எங்கே மண் மூடியிருந்து ஊகித்தீர்களோ அங்கே விட்டுவிட்டு வரும் கோடு என்று போட்டுக் கொடுப்பது. இந்த முழுக்கோடு, விட்டகோடு வழக்கம் நிலவியல் வரைபடங்களில் நெடுங்காலமாக இருப்பதுதான். புள்ளியியலும் ஏதாவது ஒரு நிரல்மொழியும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, அதை நீட்டி எழுத ஒன்றுமில்லை.

முதல் வேலை

நேர்முகத்தில் ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்து இது என்ன என்று கேட்பது உண்டு. பெயரைச் சொல்லத் துடிக்காதீர்கள். கையில் எடுங்கள், எடையைப் பாருங்கள், லென்ஸில் பாருங்கள், பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: வெளிர் நிறம், மணிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வளர்ந்திருக்கின்றன, கண்ணாடி போல் இருப்பது குவார்ட்ஸ், தட்டையான முகத்தில் மின்னுவது ஃபெல்ட்ஸ்பார், ஆகவே மெதுவாகக் குளிர்ந்த அனற்பாறை, கிரானைட் வகையாக இருக்கலாம். பெயர் தப்பாகிப் போனாலும் வழி சரியாக இருந்தால் வேலை கிடைக்கும். பெயர் சரியாகச் சொல்லிவிட்டு ஏன் என்று கேட்டால் விழிப்பவரை யாரும் துளை இயந்திரத்தின் பக்கத்தில் தனியாக நிறுத்த மாட்டார்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்க அறிக்கை ஒன்றை இணைத்து அனுப்புங்கள், மேலே சொன்ன அந்தச் சின்னப் பகுதி வரைபடத்துடன். நாற்பது பக்க ஆய்வேட்டை யாரும் படிக்கப் போவதில்லை. முதல் பத்தியிலேயே முடிவு, அடுத்து ஆதாரம், அடுத்து எவ்வளவு உறுதி என்பது.

வேலையில் சேர்ந்த பிறகு தொழில்முறைப் பதிவு, உரிமம் பற்றி விசாரியுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும், ஆனால் கனிம இருப்பு பற்றிப் பங்குச்சந்தைக்கு அறிக்கை தருவதென்றால் பெரும்பாலும் தகுதி பெற்ற ஒருவர் கையெழுத்து வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிப்படி அந்தக் கனிம வகையில் குறைந்தது ஐந்து வருட அனுபவம் இருக்க வேண்டும். இந்த விதிகளை இறுக்கியதில் பிரி-எக்ஸ் மோசடிக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தோனேசியாவின் புசாங்கில் மாபெரும் தங்கப் படிவம் என்று சொல்லி அந்தக் கனடா நிறுவனத்தின் பங்கு விண்ணுக்குப் போனது, 1997-ல் எல்லாம் பொய் என்று தெரிந்தது. பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். கோரை நீளவாக்கில் பிளந்து பாதியைப் பத்திரமாக வைப்பதுதான் வழக்கம், அங்கே முழுத் தண்டையும் அரைத்துவிட்டார்கள், சரிபார்க்க எதுவும் மிஞ்சவில்லை. 2001-ல் கனடா தன் அறிக்கை விதிகளைப் புதிதாகக் கொண்டுவந்தது. பாதிக் கோரை எறியச் சொல்லும் முதலாளியிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

மக்களிடம் பேசுவது: கல்லோடு வருபவரிடமிருந்து

நிலவியல் தெரியும் என்று தெரிந்ததும் உறவினர், நண்பர், முன்பின் தெரியாதவர் என்று எல்லோரும் ஒரு கல்லை நீட்டுவார்கள். இது விண்கல்லா? இதில் தங்கம் இருக்கிறதா? இது டைனோசர் முட்டையா? பலருக்கு இது தொல்லை. எனக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அவரே கேள்வியோடு வந்திருக்கிறார், கையில் பொருளும் இருக்கிறது.

விண்கல் என்று வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்கல் இல்லை. ஆனால் பார்த்தவுடனே இல்லை என்று தள்ளிவிட்டால் அவர் வாழ்நாளில் இன்னொரு கல்லைக் குனிந்து எடுக்க மாட்டார். சேர்ந்து பரிசோதியுங்கள். உள்ளே குமிழித் துளைகள் நிறைய இருக்கின்றனவா? இருந்தால் எரிமலைப் பாறையோ உலோக ஆலைக் கசடோதான், விண்கல்லில் துளைகள் அநேகமாக இருக்காது. மெருகிடாத பீங்கான் ஓட்டின் பின்பக்கத்தில் தேய்த்தால் என்ன நிறக் கோடு விழுகிறது? செம்பழுப்பு என்றால் ஹேமடைட், கறுப்பு என்றால் மேக்னடைட்டாக இருக்கலாம், இரண்டும் பூமியிலேயே கிடைக்கும் இரும்புக் கனிமங்கள். வெளியே மெல்லிய கறுப்புத் தோல், உடைந்த இடத்தில் உள்ளே வேறு நிறம், அதில் பளிச்சிடும் உலோகப் புள்ளிகள் என்று எல்லாம் சேர்ந்து வந்தால் அப்போது பரபரப்படையலாம், அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலான விண்கற்கள் ஈர்க்கப்படும் என்பதும் உண்மைதான். ஆனால் வலுவான காந்தம் பட்டால் அந்தக் கல்லுக்குள் கோடிக்கணக்கான வருடமாக இருந்த பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும், அதனால் திசைகாட்டி முள்ளைப் பக்கத்தில் கொண்டுபோய் அது அசைகிறதா என்று பார்ப்பது நல்லது. கடைசியில் அது ஆலைக் கசடு என்று தெரிந்தாலும், இங்கே எப்படி வந்தது, பக்கத்தில் எந்தக் காலத்தில் உலோகம் உருக்கினார்கள் என்று பேச்சு வேறு பக்கம் போகும். அவர் ஏமாற்றத்தோடு போக மாட்டார்.

அடுத்த படி நடை. பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு பாறைச் சரிவுக்கோ, ஆற்றங்கரைக்கோ, வெட்டிவிட்ட பழைய கல் குவாரிக்கோ போவது. கட்டடங்களின் முகப்புக் கல்லைப் பார்த்துக்கொண்டே நகரத் தெருவில் நடந்தாலும் சரி, மழை வந்தாலும் நடத்தலாம் என்பது அதில் கூடுதல் வசதி. முதல்நாள் அதே நேரத்தில் தனியாக ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எங்கே நின்றால் வண்டிச் சத்தம் கேட்காது, எங்கே மேலே இருந்து கல் விழலாம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நில உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். நாலு இடத்துக்கு மேல் நிறுத்த வேண்டாம். நிறுத்தியதும் விளக்கத் தொடங்கிவிடாமல், லென்ஸைக் கையில் கொடுத்து என்ன தெரிகிறது என்று கேளுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதுதான் கஷ்டம். அரை நிமிட மௌனம் பேசுபவருக்கு யுகமாகத் தெரியும், பார்ப்பவருக்கு அது போதவே போதாது. யாராவது ஒருவர் இங்கே கோடு கோடாக இருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அங்கிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கவனித்தால் தெரியும், இது அந்த இடது பக்கம், வலது பக்கக் குறிப்பேடேதான், ஆட்கள் மட்டும் அதிகம்.

காலத்தை விளக்க ஒரு கயிறு போதும். 45 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளக் கயிறு, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வருடம் என்று கணக்கு. பூமியின் வயது சுமார் 454 கோடி வருடம் என்பதால் ஒரு முனை பூமி உருவானது, மறுமுனை இன்று. டைனோசர்கள் அழிந்தது இன்றைய முனையிலிருந்து 66 சென்டிமீட்டரில் வரும், மனித இனம் தோன்றியது கடைசி 3 மில்லிமீட்டரில். ஆட்களையே கயிற்றைப் பிடித்து நிற்க வையுங்கள். முதல் விலங்குகள் எங்கே என்று கேட்டால் எல்லோரும் நடுவில் நிற்கப் பார்ப்பார்கள், உண்மையில் கயிற்றின் கடைசி சில மீட்டரில்தான் கூட்டமெல்லாம்.

சொற்களைப் பொறுத்தவரை, ஒரு நடைக்கு இரண்டு கலைச்சொல்லுக்கு மேல் வேண்டாம். தவறான எண்ணங்களைத் திருத்துவதென்றாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் மேலோட்டுக்குக் கீழே எல்லாமே உருகிய குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள். மேலோட்டுக்கும் நடுவிலுள்ள கருவுக்கும் இடைப்பட்ட மேன்டில் திடப் பாறைதான், மிக மிக மெதுவாக நகரும் திடப்பொருள். நிலநடுக்கத்தில் கிளம்பும் அலைகளில் திரவத்தில் போக முடியாத எஸ் அலைகள் மேன்டிலுக்குள் போய்விடுகின்றன, கருவின் வெளிப்பகுதியான வெளிக்கருவில் போகவில்லை, அதனால் வெளிக்கருதான் திரவம். இதைச் சொல்லும்போது எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொன்னால்தான் மனதில் நிற்கும். வெறும் தகவலாகச் சொன்னால் பழைய எண்ணமே திரும்பி வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. புதைபடிவம் கிடைக்கும் இடத்தின் துல்லியமான இருப்பிடத்தைப் படத்தோடு பொதுவெளியில் போடாதீர்கள், அடுத்த வாரமே பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். கைபேசிப் படத்துக்குள்ளேயே இருப்பிடத் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் நீக்குங்கள். நடையில் சுத்தியலை வெளியே எடுக்கவே வேண்டாம்.

ஆபத்தைப் பற்றிப் பேசும்போது

இங்கே விளையாட்டு இல்லை. கொலம்பியாவின் நெவாடோ தெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 இரவு வெடித்தது. வெடிப்பு பெரிதில்லை, ஆனால் உச்சியிலிருந்த பனி உருகிச் சேற்று வெள்ளமாகப் பள்ளத்தாக்கில் இறங்கியது, ஆர்மெரோ ஊரை அடைய அதற்கு இரண்டரை மணி நேரம்வரை ஆனது. ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். அந்த ஊர் ஆபத்துப் பகுதியில் இருப்பதைக் காட்டும் வரைபடம் அதற்கு முந்தைய மாதமே வெளியாகியிருந்தது. 1845-லும் அதே இடத்தில் சேறு வந்து ஊரை மூடியிருந்தது. அறிவியலில் குறையில்லை, ஆனால் வரைபடத்தைப் பார்த்த நிர்வாகிகளுக்கு அது வீட்டைவிட்டு ஓட வேண்டிய செய்தியாகத் தெரியவில்லை, அன்று மாலை மக்களிடம் அமைதியாக இருக்கச் சொன்னார்கள்.

ஆறு வருடம் கழித்து, பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ. அங்கே விஞ்ஞானிகள் அதிகாரிகளிடமும் மக்களிடமும் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். சேற்று வெள்ளம் எப்படி இருக்கும், அனல் மேகம் எப்படி இறங்கும் என்று மோரிஸ், காத்தியா கிராஃப்ட் தம்பதி எடுத்த காட்சிகள். 1991 ஜூன் 15 அன்று பெருவெடிப்பு நடந்தபோது பல்லாயிரம் பேர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள், குறைந்தது 5,000 உயிர் காப்பாற்றப்பட்டது என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. கிராஃப்ட் தம்பதி அதைப் பார்க்கவில்லை, ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோயிருந்தார்கள்.

மூன்றாவது, இத்தாலியின் லாகுவிலா. 2009-ல் அங்கே சின்னச் சின்ன அதிர்வுகள் தொடர்ந்து வந்தன, மக்கள் பயந்துபோயிருந்தார்கள். சின்ன அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறுகிறது, அது நல்லதுதான் என்ற பொருளில் ஒரு அதிகாரி தொலைக்காட்சியில் ஆறுதல் சொன்னார். ஏப்ரல் 6 அதிகாலை 6.3 அளவு நிலநடுக்கம், 309 பேர் இறந்தார்கள். 2012-ல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் சிறைத் தண்டனை விதித்தார்கள், 2014-ல் விஞ்ஞானிகள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள், அதிகாரியின் தண்டனை குறைந்ததே தவிர நீங்கவில்லை. ஆறுதலாகச் சொன்ன அந்தக் கூற்று அறிவியல்படியும் தப்பு. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும், எனவே 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வெளியேற்றும் ஆற்றலுக்கு 4 அளவில் ஆயிரம் வர வேண்டும்.

ஆகவே பயந்தவரைத் தேற்ற வேண்டும் என்பதற்காக ஆதாரமில்லாத ஆறுதல் சொல்லாதீர்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள்: இதுவரை என்ன தெரியும், என்ன தெரியாது, நீங்கள் இப்போது என்ன செய்யலாம். கடைசியது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் சொன்னால் பயம்தான் கூடும். வரும் செவ்வாய்க்கிழமை பெரிய நிலநடுக்கம் என்று வதந்தி சுற்றும்போது, நாள், நேரம், இடம் குறிப்பிட்டு நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் முறை எங்கும் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, உடனே அலமாரியைச் சுவரோடு பிணைப்பது, அதிர்ந்தால் மேசைக்கடியில் போய் அதைப் பிடித்துக்கொள்வது என்று செய்யக்கூடியதற்குப் போய்விடுங்கள். வதந்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லி மறுத்தால் வதந்திதான் பரவும்.

எண்களையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம் என்றால், போன வருடம் வந்துவிட்டது, இனி 99 வருடம் கவலையில்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு வருடமும் ஒரு சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது வருடம் அந்த வீட்டில் குடியிருந்தால் ஒரு முறையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. வீட்டுக்கடன் காலத்தோடு சேர்த்துச் சொல்லும்போது மக்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

இதெல்லாம் யார் காதில் விழப்போகிறது என்று தோன்றினால், 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் இருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமியைச் சொல்லலாம். கடல் நுரைத்து விநோதமாக நடந்துகொள்வதைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து, சுனாமி வருகிறது என்று பெற்றோரை நச்சரித்தாள். கடற்கரையைக் காலி செய்தார்கள், பலர் பிழைத்தார்கள்.

இதையே பிழைப்பாக்க நினைத்தால்

இருக்கிறது, ஆனால் கதவு குறுகலானது. அருங்காட்சியகங்கள், நிலவியல் ஆய்வு நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பிரிவு, அறிவியல் இதழியல், யுனெஸ்கோ 2015 முதல் அங்கீகரித்துவரும் உலகப் புவிப்பூங்காக்கள், அவற்றில் வழிகாட்டி வேலை. பெரும்பாலானவர்கள் முதலில் களவேலையில் சில வருடம் இருந்துவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள், அதுவே நல்லது என்று நினைக்கிறேன். பாறையைக் கையால் தொட்டவர் பேசுவதற்கும் படித்துவிட்டுப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அக்டோபர் 6 பன்னாட்டுப் புவிப்பன்மை நாள், முதல் நடையை நடத்த ஒரு சாக்கு தேவைப்பட்டால் அந்தத் தேதியை வைத்துக்கொள்ளலாம். இலவசமாகப் பேசுவது ஆரம்பத்தில் சரி. ஆனால் கூப்பிடுகிறவர்கள் டிக்கெட் போட்டு விற்கிறார்கள் என்றால் உங்களுக்கும் ஒரு தொகையைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

நிறுவன வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்பவர்கள் வேலை ஒப்பந்தத்தை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். துளைத்து எடுத்த கோரின் படத்தை ஆர்வத்தில் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டு வேலை இழக்க வழியிருக்கிறது. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் அந்தப் படம் வெளியிடாத தரவுக்குச் சமம், சட்டச் சிக்கலும் வரும். வாடிக்கையாளரின் நிலத்தில் கண்ட மாசு, கட்டி முடிக்காத அணையின் அடித்தளம் எல்லாம் இதே கணக்குதான். பேசுவதற்குப் பொது இடத்துப் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள், சாலை வெட்டில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடியதை. கேட்டவரும் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.